பந்தடிக்கும் நேரம்

என் கணவர் கட்டாரில் என்ன வேலை செய்கிறார் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "கோல்ப் விளையாடுற எடத்துல" என்பேன். "அவர் விளையாடுறவரா?" என்பார்கள். "இல்ல, விளையாடுறவங்கட பையத் தூக்கிட்டுப் பின்னால போறவர்" என்றால், "அதுக்கும் ஒரு ஆளா?" என்று சிரிப்பார்கள். கல்முனையில் விளையாட்டென்றால் கிரிக்கெட்டும் உதைபந்தும்தான். வயல் வயலாகப் புல்லை வளர்த்து, அதற்குள் ஒரு சின்னக் குழியில் ஒரு சின்னப் பந்தைப் போடுவதற்குக் காலை முழுவதும் நடக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை நம்ப எனக்கே கொஞ்சக் காலம் எடுத்தது. அவர் அனுப்பிய புல்வெளிப் படத்தைப் பார்த்த என் மூத்த சகோதரர், எங்கள் காக்கா, "இவ்வளவு தண்ணிய சம்மாந்துறைக்குத் திருப்பினா மூணு போகம் செய்யலாமே" என்று வயிறெரிந்தார்.

மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது போனவர் அவர். போன புதிதில் வேலையின் சட்டங்களை எனக்குச் சொன்னார். விளையாடுகிறவருக்கு இரண்டடி பின்னால் நடக்க வேண்டும். நிழல் பந்தின் மேல் விழக்கூடாது. கம்பை ஓங்கிவிட்டால் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. முதல் கிழமையிலேயே ஒருநாள் தும்மிவிட்டாராம். பந்து போய்த் தண்ணீருக்குள் விழுந்தது. அடித்தவன் ஒன்றும் ஏசவில்லை, திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வையை எனக்குச் சொல்லும்போதும் இவருடைய குரல் அடங்கித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் குரல் எழும்பவேயில்லை. தொலைபேசியில் பாதிப் பேச்சு குசுகுசுப்புத்தான். "சத்தமாக் கதைங்க, நான் என்ன கள்ளப் பொஞ்சாதியா?" என்று நான் கத்துவேன். "இரி புள்ள, ஆள் அடிக்கப் போறான்" என்பார். பிறகு ஒன்றும் கேட்காது. அப்படி அடிக்கிறவன் எல்லாம் அடித்து முடிக்கும்வரை காத்திருந்தே என் இளமை போய்விட்டது. அதில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

பிறகு அங்கே பற்றரி வண்டி வந்தது. கூரை உண்டு, கதவு கிடையாது. பையைப் பின்னால் கட்டிவிட்டு, விளையாடுகிறவரைப் பக்கத்தில் வைத்து இவர் ஓட்டினார். முழங்கால் வலி குறைந்தது என்று சந்தோஷப்பட்டார். மகள் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். "எங்கட வாப்பா கார் ஓடுறாரு" என்று மருதமுனை வரைக்கும் அவர் வண்டியில் இருக்கிற படம் போனது. கொஞ்சக் காலத்தில் வண்டிக்குள் ஒரு திரை பூட்டினார்கள். குழி எவ்வளவு தூரம், தண்ணீர் எந்தப் பக்கம் என்று அதுவே காட்டியது. முன்பு அதையெல்லாம் இவரிடம்தான் கேட்பார்களாம். அந்த இரண்டு வார்த்தைப் பேச்சும் அத்தோடு நின்றது. அடுத்தது, ஒருவர் தனியாக ஏறி நின்றபடியே ஓட்டிக்கொண்டு போகிற வண்டி. இளம் ஆட்கள் அதில் ஏறிப் பறந்தார்கள், பக்கத்தில் இருந்து ஓட்ட ஆள் தேவைப்படவில்லை.

கடைசியாக வந்ததுதான் அந்தத் தள்ளுவண்டி. அதைத் தள்ளவே தேவையில்லை. விளையாடுகிறவர் இடுப்பில் ஒரு சின்னக் கருவியைச் செருகிக்கொண்டால் போதும், பையைச் சுமந்துகொண்டு அது தானாகவே பின்னால் வரும். அவர் நின்றால் அதுவும் நிற்கும். இவர் அதைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். தாய் ஆட்டுக்குப் பின்னால் குட்டி போவதுபோல மேட்டிலும் பள்ளத்திலும் அது போய்க்கொண்டிருந்தது. நானும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"இது உங்களப் பாத்துத்தான் படிச்சிரிக்கி" என்றேன்.

"ஓம் புள்ள. அதுக்குத் தும்மலும் வராது" என்றார்.

அப்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பை தூக்கியவர்களை ஒவ்வொருவராக அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு நோன்புப் பெருநாளுக்கு முன்னால் இவரும் வந்து சேர்ந்தார்.

வந்தவரை ஊருக்குள் கூட்டிப்போவதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. சந்தைக்குப் போனால் இரண்டடி பின்னால் வருவார். "முன்னுக்கு வாங்க" என்று இழுத்துப் பக்கத்தில் விட்டால், நாலு கடை தாண்டுவதற்குள் மறுபடி பின்னால். மீன்காரர் கத்தியை ஓங்கியதும் இவர் அசையாமல் நின்றுவிடுவார். "என்ன ராத்தா, காக்கா பேசமாட்டாரா?" என்று மீன்காரர் கேட்டார். "இல்ல, உங்கட மீனப் பாத்துப் பேச்சு மூச்சில்லாமப் போயிட்டாரு" என்று சமாளித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்த நேரத்தில்தான் மகளுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை சரிவந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடும் பெண்ணுக்குத்தான். இவர் அந்தப் புல்லில் நடந்து நடந்து கட்டிய முன்வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, பின்வளவில் தகரம் போட்ட சின்ன வீட்டுக்கு நாங்கள் இருவரும் மாறினோம். தான் கட்டிய வீட்டில் அவர் சேர்ந்தாற்போல ஒரு வருடம்கூட இருந்ததில்லை. எல்லோருக்கும் நடக்கிறதுதான், ஆனாலும் அவர் தன் உடுப்புப் பெட்டியை அறைக்கு வெளியே தூக்கியபோது நான் ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

மகள் வாப்பாவிடம் நகை கேட்கவில்லை, உடுப்புக் கேட்கவில்லை. நிக்காஹ் செய்து கொடுப்பது பெண்ணின் வாப்பாவுடைய உரிமை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று அவர் சொல்ல வேண்டும். அநேகம் பேர் அந்தப் பொறுப்பை மௌலவியிடம் விட்டுவிடுவார்கள்.

"மௌலவிக்கிட்ட விடாதீங்க வாப்பா, நீங்களே சொல்லணும்" என்றாள்.

என்னிடம் வந்து, "வாப்பாட சத்தத்த நான் ஒருநாளும் சரியாக் கேட்டதில்ல உம்மா. போனுக்குள்ளயும் குசுகுசு, வந்த பிறகும் குசுகுசு. அண்டைக்கு மைக்ல கேப்பன்தானே?" என்றாள்.

அவர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார். பின்னேரங்களில் என்னைக் கடற்கரைக்குக் கூப்பிட்டார். தோணிகளைத் தாண்டி ஆளில்லாத பக்கமாக நடப்போம். நான் முன்னால், வழக்கம்போல அவர் பின்னால். கடல் இரைய இரைய அந்த வசனத்தைச் சொல்லிப் பார்ப்பார். நான் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு போவேன். நல்ல கனத்த குரல். கலியாணமான புதிதில் கேட்ட அதே குரல். இது இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று நினைத்து நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நிக்காஹ் எங்கள் முற்றத்துப் பந்தலில் நடந்தது. பெண்கள் நாங்கள் உள்ளறையில் இருந்தோம். ஒலிபெருக்கி ஒன்றை ஜன்னலுக்கு நேரே திருப்பி வைக்கச் சொல்லியிருந்தாள் மகள். மௌலவி கலியாணக் குத்பா உரையை ஓதி முடித்தார். "வாப்பா, நீங்க சொல்லுங்க" என்று அவர் இவரைக் கூப்பிடுவது கேட்டது. பந்தலில் பேச்சுச் சத்தம் நின்றது. சிறுபிள்ளைகளைக்கூட யாரோ அடக்கினார்கள். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் மைக்கில் வந்தது. மௌலவி மறுபடி மெதுவாகச் சொன்னார். ஒரு இருமல் கேட்டது. பிறகு, "அப்ப ஒங்களுக்காக நான் சொல்லட்டா? சரியா?" என்ற மௌலவியின் குரல். இவர் தலையாட்டியிருக்க வேண்டும். வசனம் மௌலவியின் வாயிலிருந்து வந்தது. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். எல்லோரும் பாரக்கல்லாஹ் சொல்லி வாழ்த்தினார்கள். மகள் என் கையை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மணப்பெண் அழுவது வழக்கம்தானே என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு பின்வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் ஒரு முக்காலியில் இருந்தார்.

"ஒரு வசனம் சொல்ல ஏலாமப் போச்சா? கடலுக்குச் சொன்னீங்களே, பெத்த புள்ளைக்குச் சொல்ல ஏலாதா?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அவர் வழக்கம்போலக் குசுகுசுத்தார். "எல்லாரும் ஒரேயடியாச் சத்தமில்லாமப் போயிட்டாங்க புள்ள. அவ்வளவு பேரும் நிக்கிறாங்க, ஒருத்தரும் அசையல்ல. அங்க அப்பிடி அமைதியானா ஆள் அடிக்கப் போறான் எண்டு அர்த்தம். கதைக்கப்படா. தொண்ட தானா மூடிட்டு. நான் மூடல்ல."

அந்த மனிதனை அப்படியே கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. அதற்கும் எனக்குப் பழக்கமில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் வந்தாள். கலியாணச் சாரியோடு, நகையெல்லாம் அப்படியே. முன்னமே வாசல்வரை வந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாளோ என்னவோ. வாப்பாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

"இப்ப எனக்குச் சொல்லுங்க வாப்பா. இஞ்ச வேற ஒருத்தரும் இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நானும் அசையாமல் நின்றேன். முன்வீட்டில் ஓடிய பாட்டும் அந்நேரம் பார்த்து நின்றுபோனது. அவருடைய உதடு திறந்தது, உதடு மூடிக்கொண்டது. கண் கலங்கிவிட்டது. மகளும் விடுவதாக இல்லை, இன்னும் அமைதியாக, இன்னும் அசையாமல் அவருடைய வாயையே பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூலையில் விருந்துச் சோறு பரிமாறிய பெரிய சஹன் தட்டுகள் கழுவாமல் குவிந்து கிடந்தன. குழாயைத் திறந்துவிட்டேன். ஒரு சஹனை எடுத்து மற்றதன்மேல் போட்டேன். கரண்டிகளை அள்ளி வாளிக்குள் கொட்டினேன். மகள் திடுக்கிட்டு, "உம்மா, என்ன செய்யிறீங்க!" என்றாள். நான் திரும்பவில்லை. இன்னொரு சஹனை இழுத்து, தேங்காய்ப் பொச்சு நாரால் கரகரவென்று தேய்த்தேன்.

அந்த இரைச்சலுக்குள் எனக்குப் பின்னால் அவர் குரல் வந்தது. என்னுடைய மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று, கடற்கரையில் சொன்ன அதே கனத்தோடு, ஒரு எழுத்தும் பிசகாமல். அந்த வசனத்துக்கு இனி ஒரு வேலையும் இல்லை. மகள் விம்மி அழுவது கேட்டது. "இன்னொருக்காச் சொல்லுங்க வாப்பா" என்றாள். நான் தேய்த்து முடித்த சஹனையே மறுபடி எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.