பாலத்து ஜாமில் கரைந்த கொழுப்பு

என் சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்தும் என்று சோதனை சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிடமே டாக்டரம்மா என் தொப்பையைப் பார்த்தார்.

"எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. அப்புறம்தான் ஆப்பரேஷன் பேச்சு. வெறித்தனமா ஓட வேணாம், வேகமா நடங்க. நாடித்துடிப்பு நூத்தி அஞ்சுல இருந்து நூத்தி இருபதுக்குள்ள இருக்கணும். தினம் ஒரு மணி நேரம்."

மூன்று மாதம் கொடுத்தார். அதுவரை அக்கா வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் ஓட்ட வேண்டும். அன்றைக்கே ஒரு வாட்ச் வாங்கினேன். துடிப்பு நூற்றைந்தைத் தாண்டினால் அதில் ஆரஞ்சுக் கோடு வரும். கொழுப்பு கரைகிறது என்று அர்த்தம். நிமிடங்களை அதுவே எண்ணிக்கொள்ளும்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சாப்பிடும்போது வாட்சைப் பார்ப்பேன், குளித்துவிட்டு வந்து பார்ப்பேன், நடக்கும்போது பத்தடிக்கு ஒருமுறை நின்று பார்ப்பேன். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் கடல் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போகிறவனுக்கு நடக்க நேரம் ஏது?

இரண்டாவது வாரம், பாலத்து ஜாமில் மோட்டார்களுக்கு நடுவே மாட்டி நின்றபோது மணிக்கட்டு அதிர்ந்தது. நூற்றுப் பன்னிரண்டு. ஆரஞ்சுக் கோடு! முன்னால் ஒருத்தன் குறுக்கே நுழைந்தான். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன். நூற்றுப் பதினெட்டு. அலமாக், இத்தனை நாள் இது தெரியாமல் போச்சே!

போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம். காலை ஊன்றி மோட்டாரைத் தள்ளுவதும் உடற்பயிற்சிதானே என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். மாலை நடையை நிறுத்திவிட்டேன். தராசில் மட்டும் ஏறவில்லை. கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். உண்மையில் பயம்.

பத்தாவது வாரம் சனிக்கிழமை அக்காவை டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு எப்போதும் சன்னலோர நாற்காலிதான். ஒரு கையில் ஊசி ஏற்றி இயந்திரம் ஓடத் தொடங்கியதும் இன்னொரு கையை நீட்டினாள்.

"அந்த வாட்ச இப்படிக் கொடு. நீ கிழிச்சத நானும் பார்க்கிறேன்."

கட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் படபடப்பு வந்தது. தாதி ஓடி வந்து நாற்காலியைத் தாழ்த்தி, இயந்திரத்தில் ஏதோ மாற்றிவிட்டுப் போனார். அக்கா மெல்லக் கண்ணைத் திறந்து மணிக்கட்டைக் காட்டினாள். நூற்றுப் பதினான்கு. ஆரஞ்சுக் கோடு.

"பாரு லா, படுத்துக்கிட்டே எனக்குக் கொழுப்பு கரையுது," என்று சிரித்தாள். அந்தக் கையில் எலும்பும் தோலும்தான் இருந்தன.

நோயாளிகளை எடை பார்க்கும் தராசு மூலையில் இருந்தது. போய் ஏறினேன். ஒன்றரை கிலோ கூடியிருந்தது.

திரும்பி வந்து ஜாம் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"மடையா," என்றாள் அக்கா. "பயத்துலயும் கோபத்துலயும் நெஞ்சு அடிச்சா உடம்பு இளைக்குமாடா? அப்படின்னா நான் காத்துல பறந்திருப்பேன். உன்னை நம்பி நாள் எண்ணிக்கிட்டு இருக்கேன்டா நான்."

எனக்கு அழுகை வந்தது. வாட்சை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, நிலையம் இருந்த கடை வரிசையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். நல்ல வெயில். இரண்டாவது சுற்றிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் சன்னலைப் பார்த்தேன். மூன்று முறையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

நான்காவது சுற்றில் ஊசியில்லாத கையைத் தூக்கி, நான்கு விரலைக் காட்டினாள்.