பஸ் பாட்டும் சுண்ணப் பாட்டும்

நான் கொழும்பில் படித்தது தற்கால இசையும் இசை வணிகமும் என்கிற பட்டப்படிப்பு. இதை எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு விளங்கப்படுத்தும் வேலையை முதலாம் வருடத்திலேயே விட்டுவிட்டேன். வீணையா, வாய்ப்பாட்டா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, கணினியில் பாட்டுச் செய்வது, பதிவது, பிறகு அதை விற்பது என்று சொன்னால், "ஓ, சீடிக் கடையோ?" என்று தலையாட்டுவார்கள். கேட்கிறவர்களுக்கு அப்பா "மனேஜ்மென்ட்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். அது முழுப் பொய்யும் இல்லை. படிப்பில் பாதி ஒப்பந்தம், உரிமை, விளம்பரம் என்றுதான் போனது.

கடைசி அரையாண்டில் மூன்று பாடல்களை நாங்களே எழுதி, மெட்டமைத்து, பதிந்து கொடுக்க வேண்டும். இரண்டை ஸ்டூடியோவில் முடித்துவிட்டேன். மூன்றாவதற்கு இசை எல்லாம் தயார், என் குரல் மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஸ்டூடியோவைத் திருத்த வேலைக்காகப் பூட்டினார்கள். சத்தம் இல்லாத எந்த இடத்திலும் குரலைப் பதியலாம் என்று விரிவுரையாளர் சொன்னார். எனக்கு உடனே எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. நெடுங்கேணியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய குடியேற்றத் திட்டம். வீட்டுக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் காடு. மயில் கத்தும், வேறொன்றும் இல்லை.

கோவில் திருவிழா மாதம் என்பது மட்டும் நினைவில் வரவில்லை. மூன்று வருடம் கொழும்பில் இருந்தால் மண்டைக்குள் இருக்கிற பஞ்சாங்கம் கழன்றுவிடும் போலிருக்கிறது. மைக்கையும் மடிக்கணினியையும் சுமந்துகொண்டு வாசல் படலையைத் திறக்கிறேன், அம்மன் கோவில் வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி நேரே எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டு இருக்கிறது. விடிய வெளிக்கிடும், மத்தியானம் கொஞ்சம் ஓயும், பிறகு படுக்கும் வரைக்கும்தான். ஓய்கிற நேரத்தில் எங்கோ ஒரு உழவு மெஷின் வேலையைத் தொடங்கும். அலுமாரியை யன்னலோடு இழுத்து வைத்தேன். சுவரெல்லாம் பாயும் போர்வையும் தொங்கவிட்டேன். அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்து, பிள்ளைப்பெத்த அறை மாதிரிக் கிடக்குது என்றா. ஒரு பலனும் இல்லை. ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டால் என் குரலுக்குப் பின்னால் உடுக்கு அடிக்கிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் அனுப்பாவிட்டால் அந்த அரையாண்டைத் திரும்பப் படிக்க வேண்டும். திரும்பப் படிப்பதில்லை, அப்படியே விட்டுவிடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். மூன்று வருடமும் எனக்குள்ளே இருந்த களைப்பு அது. அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனேஜ்மென்ட் கதையும் இல்லாமல் போயிருக்கும்.

கோவில் தலைவரிடம் போனேன். எங்கள் ஒழுங்கைக்காரர், அதே சின்னத் தெருவில் இருக்கிறவர், அப்பாவோடு கூட விதைக்கிறவர், நான் மாமா என்று கூப்பிடுகிற ஆள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார். மஞ்சள் நூல் கையில் ஏறினால் திருவிழா முடியும் வரை விரதம், கோவிலை விட்டு விலகக் கூடாது, சாவோ பிறப்போ நடந்த துடக்கு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. ஒரு பின்னேரம், இரண்டு மணித்தியாலம் மட்டும் ஸ்பீக்கரை நிற்பாட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, யோசிக்கவும் இல்லை.

"பத்து நாள் அம்மாளாச்சிக்கு, பிள்ளை. மிச்ச நாள் முழுக்க உனக்குத்தானே."

கோதாரி விழுந்த ஸ்பீக்கர் என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். வழியெல்லாம் விசர் விசராக வந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் அம்மனைத் தாயே தாயே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்கு அந்தப் பாட்டைப் பதிய ஒரு அமைதியான அறை கிடைத்திருக்கிறதே என்று எரிச்சல்பட்டேன்.

வியாழக்கிழமை காலமை, பாட்டின் நடுவிலே ஒலிபெருக்கி நின்றது. மின்சாரம் போய்விட்டதோ என்று பார்த்தேன், மின்விசிறி சுழன்றது. மெஷின் சத்தமும் இல்லை. எனக்குச் சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். ஓடிப் போய்க் கதவைச் சாத்தி, மைக்கைப் பூட்டி, தண்ணீர் குடித்து, தொண்டையைச் சரிசெய்து, முதல் அடியைத் தொடங்கினேன். அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தா.

ஒழுங்கை முடிவில் படுத்த படுக்கையாக இருந்த பெரியவர் செத்துப்போனார். கோவில் தலைவரின் கூடப்பிறந்த தமையன். பிரேதம் ஊரில் கிடக்கும் வரை கோவிலில் பூசையும் இல்லை, பாட்டும் இல்லை. கோவிலில் மட்டும் என்றில்லை, எந்த வீட்டிலும் ரேடியோ கூடப் போட மாட்டார்கள். நான் கதவு சாத்தியிருக்கு, போர்வை தொங்குது, ஒரு குருவிக்கும் கேட்காது என்று வாதாடினேன். அம்மா அசையவில்லை.

"சா வீடு கிடக்கு. வாயைத் திறக்காத."

நான் கேட்ட அமைதி கையில் கிடைத்தும் அதைத் தொடக் கூடாது. அம்மாவோடு செத்த வீட்டுக்குப் போனபோது எனக்குக் கவலையில்லை, கோபம்தான் இருந்தது. அந்தப் பெரியவரோடு நான் கதைத்தது குறைவு. உழவு மெஷினில் போகும்போது கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன், அவ்வளவுதான்.

அங்கே பெண்கள் ஒரு பக்கம் அழுதார்கள், ஆண்கள் பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார்கள். அங்கேதான் அடுத்த இக்கட்டு வந்தது. எங்கள் பக்கத்தில் பிரேதம் எடுக்க முதல் சுண்ணம் இடிப்பார்கள். உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் போட்டு உறவுக்காரர் உலக்கையால் குத்துவார்கள், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்கென்று உள்ள பாட்டை ஒருவர் பாட வேண்டும். அதைப் பாடத் தெரிந்த இரண்டு பேரும் கோவிலில் காப்போடு இருந்தார்கள். நெடுங்கேணியில் ஒருவரைத் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். பாட்டில்லாமல் இடிக்கவும் மனமில்லை, பிரேதத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கவும் முடியாது. செத்தவரின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, என் கையைப் பிடித்தா.

"தங்கச்சி, நீ பாட்டுத்தானே படிக்கிறாய். அப்பாவுக்கு ஒருக்காப் பாடிவிடன்."

அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது. சின்ன வயதில் தூரத்தில் கேட்டதோடு சரி. ஆனால் அந்த நேரத்தில் நான் யோசித்தது அதை இல்லை. வெளியில், சனத்துக்கு நடுவில், அழுகைக்கு மேலாக அத்தனை செய்யுளையும் பாடினால் நாளைக்குக் குரல் இருக்காது என்பதைத்தான் யோசித்தேன். அம்மாவைப் பார்த்தேன், அவா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றா. அப்பா மட்டும் காதுக்குள் சொன்னார்.

"நாய் வேசம் போட்டால் குலைக்கத்தான் வேணும்."

சரி, குலைப்போம் என்று ஒரு கணக்குப் போட்டேன். வீட்டிலிருந்து மைக்கையும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியையும் கொண்டுவந்தால் மெதுவாகப் பாடலாம், தொண்டை தப்பும். ஓடிப் போய் எடுத்துவந்து பூட்டினேன். வரிகளைக் கைத்தொலைபேசியில் எடுத்தேன். மெட்டை அக்கா அழுதழுது இரண்டு வரி முணுமுணுத்துக் காட்டினா. உலக்கை விழத் தொடங்கியது. நான் மைக்குக்குக் கிட்ட வாயை வைத்து, படிப்பித்த மாதிரியே மூச்சைப் பிடித்து, குரலை மிச்சம் பிடித்துப் பாடினேன். நன்றாகத்தான் போனது. சில கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். இப்படியே முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பாதியில் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அவன் றோட்டில நிக்கிறான். ஒண்டும் கேக்குதில்லையாம்."

வேலிக்கு மேலால் பார்த்தேன். ஒழுங்கை றோட்டில் ஏறுகிற இடத்தில், காய்ந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கோவில் தலைவர் வெறும் மேலோடு நின்றார். காப்பை அவிழ்த்துவிட்டு வா என்று ஆட்கள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாளுக்குக் கொடுத்த வாக்கு என்று மறுத்துவிட்டாராம். கிட்ட வரவும் முடியாமல், விட்டுவிட்டுப் போகவும் முடியாமல், வரக்கூடிய கடைசி இடம் வரைக்கும் வந்து நின்றுகொண்டு இருந்தார்.

ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வேலியோரம் கதிரையில் றோட்டைப் பார்த்து வைத்தேன். பெட்டி சின்னது, அந்தத் தூரத்துக்குப் போகாது. கூட்டி வைத்தால் கீச்சிட்டது. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வாயைத் திறந்து பாடுவதைத் தவிர வேறு வழி இல்லை. பாடினேன். மிச்சம் பிடிக்கிற கணக்கெல்லாம் அதோடு போனது. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த மனுசன் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதும் முழுதாகத்தான் இருந்தது. மேல் சுரத்தில் இரண்டு தரம் குரல் உடைந்தது. உலக்கை நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. கடைசிச் செய்யுள் முடிந்தபோது வாய்க்குள் இரத்த ருசி இருந்தது.

பிரேதத்தை எடுத்தார்கள். பறை முன்னால் போக, பாடை ஒழுங்கையால் வந்து றோட்டில் ஏறியது. காப்புக் கட்டினவர் பிரேதத்தைப் பார்க்கக் கூடாது. பாடை கிட்ட வர, தலைவர் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தமையன் அவருக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் போனார். சனம் எல்லாம் கடந்து போய், பறைச் சத்தம் தேய்ந்த பிறகும் அவர் திரும்பவில்லை. நாங்கள் பெண்கள் படலையடியில் நின்று பார்த்தோம்.

வீடு வந்து முழுகினேன். கோவிலையும் கழுவித் தெளித்துவிட்டார்கள், இனிப் பாட்டுப் போடுவார்கள் என்று காத்திருந்தேன். போடவில்லை. பொழுதுபட்டும் போடவில்லை. தலைவர்தான் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மைக்குக்கு முன்னால் இருந்தேன். என்னுடைய மூன்றாவது பாட்டு, வவுனியா பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தியின் பாட்டு. துள்ளல் மெட்டு. பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது, பஸ் போய்விட்டது, அடுத்த பஸ் வருமா, அதுதான் விசயம். அதைக் கிழிந்த தொண்டையோடு பாடினேன். உயரம் எட்டவில்லை, மெட்டைக் கீழே இறக்கினேன். குறும்பாகப் பாட வேண்டிய இடத்தில் காற்றுத்தான் வந்தது. இதைவிட வராது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். அடுத்த நாள் விடிய ஒலிபெருக்கி பழையபடி தாயே தாயே என்று தொடங்க, வயல் வரம்பில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று அனுப்பினேன்.

பட்டம் கிடைத்தது. பாட்டின் துள்ளலையும் குரலின் களைப்பையும் ஒன்றோடொன்று மோதவிட்டது நல்ல தெரிவு என்று விரிவுரையாளர் எழுதியிருந்தார். தெரிவாம்!

ஆனால் அது பல வாரம் கழித்து. திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த அன்று மத்தியானமே தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை வைத்துவிட்டு, மேசையில் இருந்த மடிக்கணினியைப் பார்த்தார். அன்று அமைதி தந்ததற்கு நன்றி சொல்லலாமா, கேட்டபோது தராததற்கு இரண்டு வார்த்தை சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

"அண்டைக்கு நீ பாடினது உதுக்குள்ள கிடக்கோ?"

நான் திகைத்துப் போனேன். பதிவு செய்வதைத்தான் மூன்று வருடம் படித்தேன். மைக்கைக் கொண்டு போனேன், பெட்டியைக் கொண்டு போனேன். பதிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இல்லை மாமா. பதியேல்லை."

அவர் தலையை ஆட்டினார். எழும்பவில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டு இருந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல், அன்று பொழுதுபட்ட பிறகு பாடினது ஒன்று இருக்கிறது, ஆனால் அது சும்மா பஸ் பாட்டு என்றேன். அவர் கையை நீட்டினார். ஹெட்ஃபோனை அவர் காதில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒருத்தி பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறாள், கொண்டக்டர் சிரிக்கிறான், தூசிதான் மிச்சம். அதைக் கேட்கக் கேட்க அவர் கன்னத்தால் கண்ணீர் இறங்கியது. முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல், காது கேட்காதவர்கள் கதைக்கிற மாதிரி உரத்துச் சொன்னார்.

"அந்தத் தொண்டைதான். இன்னொருக்காப் போடு, பிள்ளை."