சோற்றில் ஆறு குழிகள்

என் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. நிலத்தில் விரித்த பாய், அதன் நடுவில் ஓர் அகன்ற சஹன் தட்டு, அதில் முக்கால்வாசி முடிந்த நெய்ச்சோறு, ஓரத்தில் கோழி எலும்புகள். அதன் முன்னால் தனியாக ஒரு பருத்த மனிதர். வலது கை சோற்றுக்குள் இருக்கிறது. இடது கையைப் படம் எடுப்பவனை நோக்கி நீட்டுகிறார். அவர் ஒரு சினிமா இயக்குநர். பெயரை நான் எழுதப்போவதில்லை. படப்பிடிப்பில் எல்லாரும் கூப்பிட்டதுபோல் சேர் என்றே சொல்கிறேன். இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். “ஆறு பேரின் சாப்பாடு, ஒரே ஆள், இன்னும் கேட்கிறார்” என்ற வரியோடு ஊர் ஊராகச் சுற்றியது. படத்தை எடுத்தவன் நான். அந்த வரியை எழுதியவனும் நான்தான்.

போன மாதம் சேர் தன் ஊரில் இறந்துபோனார். நீரிழிவு, அதற்குப் பின்னால் சிறுநீரகம். அன்றிலிருந்து வந்த அஞ்சலிகளை வாசித்து எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. கடலையும் ஒரு மனித முகத்தையும் ஒரே சட்டகத்தில் அவர் வைத்ததுபோல் வைத்தவர்கள் நம் மொழியில் எத்தனை பேர்? அஞ்சலிகளோ எல்லாம் வயிற்றில்தான் தொடங்குகின்றன. காலையில் ஒரு முழு ஆட்டுத்தொடை. ஒரே இருப்பில் நாற்பது நண்டு. பிரியாணி வாங்க ரயிலையே நிறுத்திவைத்தார். உண்மையா என்று சிலர் கேட்கிறார்கள். உண்மையோ பொய்யோ நல்ல கதைதானே என்று தாங்களே முடித்தும் வைக்கிறார்கள். நல்ல கதையாம். இருபத்தெட்டு நாள் அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்றவன் நான். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அவர் திருகோணமலைக்குப் படம் எடுக்க வந்தபோது நான் பட்டம் முடித்துவிட்டு, பார்த்த படங்களைப் பற்றிக் கண்டவரிடமெல்லாம் கதைத்துத் திரிந்துகொண்டிருந்தேன். தொடர்ச்சி பார்க்க உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு காட்சித் துண்டில் தேத்தண்ணிக் கோப்பை பாதி இருந்தால் அடுத்த துண்டிலும் பாதிதான் இருக்க வேண்டும். அதைப் படம் பிடித்து, குறித்து வைக்கிற வேலை. முதல் நாளே, என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சேர் என்ன சாப்பிடுகிறார் என்றும் குறிக்கத் தொடங்கினேன். ஆராய்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் மூன்று இடியப்பம், சொதி, சீனி போடாத தேத்தண்ணி. மத்தியானம் ஒரு சின்னப் பிள்ளையின் சோறு. அவர் அறைக்கு ஐந்து சோற்றுப் பார்சல் போனது உண்மைதான். நான் கூடவே போய்ப் பார்த்தேன். குச்சவெளியிலிருந்து சாமான் ஏற்றி வந்த லொறிக்காரர்கள் நான்கு பேர் அவருடைய கட்டிலிலும் நிலத்திலும் இருந்து சாப்பிட்டார்கள். கீழே விடுதிக் குசினியில் அதற்குள் கதை பிறந்துவிட்டது: “சேருக்கு அஞ்சு சோறும் காணாதாம்.”

ஒரு நாள் மட்டும் அவர் வயிறாரச் சாப்பிட்டதை நான் பார்த்தேன். சல்லிக் கடற்கரையிலிருந்து நண்டு வந்திருந்தது. முழங்கைவரை குழம்பு வழிய, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். நான் விடவில்லை.

“சேர், நாற்பது நண்டு எண்டுறது உண்மையே?”

“ஆறு. உன் கொப்பியில எழுதிக்கோ. நாளைக்கு ஏழுன்னு எவனாவது சொன்னா, தொடர்ச்சி தப்பாயிடும்.”

“அப்ப ஏன் சேர் மறுத்துச் சொல்லேல்ல?”

“நான் படத்தப் பத்திப் பேசுனா பேப்பர்ல போட மாட்டேங்கிறாங்க. நண்டுன்னா போடுறாங்க. போட்டுட்டுப் போகட்டும்யா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் நம்பிவிட்டேன்.

கிண்ணியாவில் படப்பிடிப்பு நடந்த வீட்டின் ஹாஜியார் எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு மறித்தார். சஹன் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. சேர், ஹாஜியார், ஒளிப்பதிவாளர், வான் வண்டிச் சாரதி, அன்று காலைக் காட்சியில் நடித்த கரைவலைக்காரக் கிழவர், நான். சேருக்கு இது புதிது. ஹாஜியார் ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்தார்: அவரவர் தனக்கு முன்னால் உள்ள சோற்றை எடுக்க வேண்டும், நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும்.

“ஒங்களுக்கு வயிறு நெறஞ்சாலும் கைய எடுத்துராதீங்க,” என்றார் ஹாஜியார். “நீங்க எடுத்தா, மெதுவாத் திங்கிறவர் வெக்கத்துல பசியோட எழும்பிருவாரு. கடைசி ஆள் முடிக்கிற மட்டும் கை சோத்துக்குள்ளதான்.”

சேர் அதை இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கரைவலைக்காரருக்குப் பல் நாலோ ஐந்தோதான். ஒவ்வொரு வாயையும் அரைத்து விழுங்க ஒரு யுகம் பிடித்தது. முதலில் எழும்பியவன் நான். ஒழுங்கை முதலில் உடைத்தவனும் நான். வெளிச்சம் போகிறது என்று ஒளிப்பதிவாளரும் சாரதியும் ஓடினார்கள். ஹாஜியாரை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கிழவருக்கு எதிரே சேர் மட்டும் இருந்தார். சாப்பிடவில்லை. கை சோற்றுக்குள் கிடந்தது. கிழவர் நிமிர்ந்து பார்க்கும்போது மட்டும் இரண்டு சோற்றை எடுத்து வாயில் போடுவார். கிழவர் ஆறுதலாக முடித்துக் கை கழுவப் போனார். சேருக்கு நிலத்திலிருந்து தனியாக எழும்ப ஏலாது. முழங்கால் அப்படி.

“தம்பி, கை குடு,” என்று இடது கையை என்னிடம் நீட்டினார்.

நான் முதலில் படத்தை எடுத்தேன். பிறகுதான் கையைக் கொடுத்தேன்.

ஏன் அந்த வரியை எழுதினேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். பகிடிக்கு என்பது பாதி உண்மை. மிச்சப் பாதி, என் பெயர் நாலு பேர் வாயில் வர வேண்டும் என்ற அவசரம். வந்தது. பிறத்தியார் நம்பியதைக்கூட விடலாம். அவர்கள் சஹனைக் கண்டதில்லை. எங்கள் ஆட்கள் நம்பியதுபோல் நடித்ததைத்தான் பொறுக்க ஏலாது. கிண்ணியாக் கலியாண வீடுகளில் சஹனைச் சுற்றி இருந்து சாப்பிட்டவர்கள், ஆறு பேர் சாப்பிட்ட தட்டு எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள், சிரிப்பு முகம் போட்டுப் பகிர்ந்தார்கள்.

படம் பரவி இரண்டு நாள் கழித்து சேரே என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். இரண்டு விரலால் சோற்றைப் பெரிதாக்கினார். “இங்க பாரு. சோத்துல ஆறு குழி இருக்கு. ஆளுக்கொண்ணு. இது உன்னோடது, பாதியிலயே விட்டுட்டுப் போன குழி.” அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அதற்குப் பிறகு மூதூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு முழுச் சஹனை அவருக்கு முன்னால் மட்டும் வைத்தார்கள். அன்போடுதான் வைத்தார்கள். ஆனால் ஒருவரும் கூட இருக்கவில்லை. சுற்றி நின்றார்கள், கைப்பேசியோடு. அவரும் அந்த வீட்டுப் பெண்கள் சமைத்ததை ஒதுக்க மனமில்லாமல் தின்றார். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்கிற மனிதர். பொய்யாக இருந்த கதையை நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அவர் வாய்க்குள் திணித்து உண்மையாக்கினோம். கடைசி வாரம் அவர் வான் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு பிஸ்கட் சாப்பிட்டார். “கூட உக்கார ஆள் இல்லாமப் போச்சுய்யா,” என்றார், என்னைப் பார்க்காமல்.

இப்போது ஒரு மாத நினைவு தினமாம். எங்கள் நகரத்து ரசிகர் வட்டத்தின் தலைவர், எனக்குப் பள்ளிக்கூடத்தில் மூத்தவர், போன் எடுத்தார்.

“தம்பி, அந்தப் படத்தின்ர ஒறிஜினலை அனுப்பும். பத்தடி பனர் அடிக்கிறம். கடற்கரையில சஹன் போட்டி. ஒரு ஆள், ஒரு சஹன், ஒரு மணித்தியாலம்.”

“அண்ணை, அது ஆறு பேர் சாப்பிட்ட சஹன்.”

“அது எங்களுக்குத் தெரியாதோ? நீர் என்ன, இப்பதான் லண்டனால வந்து இறங்கினனீரோ?”

“தெரிஞ்சுகொண்டு என்னத்துக்கு? அவர் எடுத்த படம் ஒண்டைத் திரையில போடுங்கோவன்.”

“அவற்ற படத்தைப் போட்டா நாலு பேர் வருவினம், அதில மூண்டு பேர் நித்திரை கொள்ளுவினம். சோறு வச்சா ஊரே வரும்.”

நான் படத்தை அனுப்பினேன், பனர் பெரிதாக இருந்தால் குழிகளும் பெரிதாகத் தெரியும் என்ற நம்பிக்கையில். ஞாயிறு பின்னேரம் கடற்கரையில் பத்தடிக்கு நின்றார் சேர், கையை நீட்டியபடி. மதிலோரம் வழக்கம்போல், ஊருக்குள் திரிகிற மான்கள் எச்சில் சோற்றுக்குக் காத்து நின்றன. ஒலிவாங்கியை என்னிடம் தந்தார்கள். நான் சுருக்கமாகச் சொன்னேன்: அது எழும்ப ஏலாமல் கேட்ட கை, சோற்றில் உள்ள குழிகளை எண்ணிப் பாருங்கோ, ஆறு பேர் சாப்பிட்ட குழி.

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: “ஓம், மனிசன் ஆறு பக்கத்தாலயும் சுத்திச் சுத்தி அடிச்சிருக்குது.” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

போட்டிக்கு இருந்த ஒரே ஆள், மூதூரில் மீன் சேர்த்துவைக்கிற வாடி ஒன்றில் ஐஸ் உடைக்கிறவர். முப்பது வயது இருக்கும். கூட்டம் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டது. பாதியில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. சோறு ஒரே பக்கத்தால், கிறவல் மண்ணுக்கு வெட்டிய மலைபோல் சரிந்து கிடந்தது. ஒரே ஒரு குழி. தனியாகச் சாப்பிட்டால் அப்படித்தான் இருக்கும்.

“என்ன காக்கா, வாடி நிரம்பிட்டுதோ?”

“சேர் எண்டா இப்ப ரெண்டாவது சஹன் கேட்டிருப்பார்.”

அந்த மனிதர் வாந்தியை அடக்கிக்கொண்டு அடுத்த பிடியை உருட்டினார். நான் கை கழுவினேன். பாயில் ஏறி அவருக்கு எதிரே இருந்து சோற்றில் கையை வைத்தேன். தலைவர் விசில் ஊதினார்.

“தம்பி, எழும்பும். போட்டி பிழைச்சுப் போகுது.”

“பிழைக்கட்டும் அண்ணை.”

எதிரே இருந்தவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு விரல் நுனியால் பெரிய கோழித்துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார். “திண்டுக்கிங்க தம்பி. எனக்கு இனி ஏலா,” என்றார். அவர் அதற்குப் பிறகு ஒரு சோறும் எடுக்கவில்லை. ஆனால் எழும்பவும் இல்லை. கூட்டம் கூச்சல் போட்டுக் களைத்து, தலைவர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், நான் என் பக்கத்தை ஆறுதலாக முடிக்கும்வரை, அவர் கை சோற்றுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் ரசிகர் வட்டம் அந்த ஐஸ் உடைக்கிறவருடைய படத்தைப் போட்டது. “சேரின் வாரிசு” என்று வரி. என்னை வெட்டியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். சோற்றில் இரண்டு குழி இருந்தது.