பொருள் எண் பதினான்கு

கூட்டம் பதினொரு மணிக்கு என்றால் பத்தேகாலுக்கே வாரியம்மா அறைக்குள் வந்து, ஆள் இல்லாத நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கிறார். முதுகைச் சாய்த்து இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று. கிரீச்சென்றால் எழுந்து, கைப்பையிலிருந்து தையல் மெஷின் எண்ணெயை எடுத்து அடியில் ஒரு சொட்டு விடுகிறார்.

"உக்காராம வச்சா இறுகிப்போயிடும். திடீர்னு ஆளைப் போட்டாங்கன்னா, வந்த அன்னிக்கே கத்துற நாற்காலியையா குடுக்கறது?"

தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்த பியூன் தலையை நிமிர்த்தவில்லை. "அஞ்சு பேர் இடத்துலயும் நீங்களே உக்காந்தாச்சு. அப்படியே ஒண்ணு ரெண்டு தீர்மானமும் போட்டு விட்டுருங்கக்கா."

"போட்டா முதல்ல உன் வாய்க்குத்தான் தடை போடுவேன்."

பொருளாதார மண்டலத்தின் தலைமை அலுவலகத்தில் வாரியக் கூட்டப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிரிவு என்றால் ஒரு மேசை, இரண்டு பீரோ, இவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி வாசல் காவலாளி முதல் தலைவர் வரை எல்லோருக்கும் இவர் 'வாரியம்மா'. நாற்பது வயதிருக்கும். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை, அவர் கையிலிருக்கும் தாளைப் பார்க்கிறார்.

வாரியத்தில் ஒன்பது இடங்கள். ஐந்து உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து பதினாலு மாதம் ஆகிறது. அரசு புதியவர்களை நியமிக்கவில்லை. மிச்சம் நாலு பேர். ஐந்து பேராவது உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். ஆனால் கூடினாலும் கூடாவிட்டாலும் மாதம் ஒருமுறை கூட்டத்தைக் கூட்டியே ஆகவேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆகவே மாதத்தின் முதல் செவ்வாயன்று நாலு பெரியவர்கள் வருகிறார்கள். டீ குடிக்கிறார்கள். முழங்கால் வலியைப் பற்றி விரிவாக விவாதிக்கிறார்கள். அரை மணிக்குள் ஐந்து பேர் சேராவிட்டால் ஒத்திவைக்கவேண்டும் என்பதும் விதி. பதினொன்றரைக்கு வாரியம்மா எழுந்து நின்று, "மணி ஆயிடுச்சு சார்" என்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். 'போதிய உறுப்பினர்கள் வராததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது' என்ற ஒரே வாக்கியம் அவருடைய உருண்டைக் கையெழுத்தில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

இதனால் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் தொழிற்சாலைக்காரர்கள். துணி, இயந்திர உதிரி பாகம், அட்டைப்பெட்டி என்று மூன்று சங்கங்கள் சேர்ந்து காலியிடங்களை நிரப்பச் சொல்லி அரசுக்கு மனுமேல் மனு அனுப்புகின்றன. மனுவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் அட்டைப்பெட்டிக்காரர். புதிதாக வாங்கிய மெஷின் மரப்பெட்டியைவிட்டு இறங்காமல் ஒரு வருஷமாகக் கிடக்கிறது அவருக்கு. கொட்டகையை நீட்ட வாரியம் அனுமதி தரவேண்டும். அனுப்புமுன் வாரியம்மா ஒருமுறை படித்துத் திருத்தவேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

"இவ்வளவு காரமா எழுதாதீங்கண்ணே. காரமா எழுதினா ஃபைல்ல போட்டுருவாங்க."

"பணிவா எழுதினா?"

"பணிவா எழுதினாலும் ஃபைல்லதான் போடுவாங்க. கொஞ்சம் மேலாக்கப் போடுவாங்க."

ஒருமுறை பதிலே வந்துவிட்டது. வாரியக் காலியிடங்களை நிரப்பும் கோரிக்கை குறித்து வாரியத்தைக் கூட்டி, அதன் கருத்தைப் பெற்று அனுப்பவும் என்று. அட்டைப்பெட்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வாரியம்மா சிரிக்கவில்லை. அதை நிகழ்ச்சி நிரலில் பத்தொன்பதாவது பொருளாகச் சேர்த்தார்.

அந்த நிரலில் பதினான்காவது பொருளையும் மாதாமாதம் அவரே தட்டச்சு செய்கிறார்: 'வாரியப் பிரிவு உதவியாளரின் இடமாற்ற விண்ணப்பம், துறைமுகக் கிளைக்கு.' கிளை மாறுவதற்கு வாரியத்தின் தீர்மானம் வேண்டும். துறைமுக ஊரில் கணவர் கிரேன் ஓட்டுகிறார். ஏழு வயது மகள் நாத்தனார் கவனிப்பில் அங்கேயே பள்ளிக்குப் போகிறாள். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வாரியம்மா போய் வருகிறார்.

கூட்ட நாள் மத்தியானம் மகள் தவறாமல் போன் செய்கிறாள்.

"இன்னிக்கு எத்தனை பேர்மா?"

"நாலுடா."

"அத்தைய வேணா அனுப்பட்டுமா? சும்மாத்தான் உக்காந்திருக்கு."

போன மாதம் வீட்டுக்குப் போனபோது மகளின் தலையில் இரட்டைப் பின்னல் நேர்வகிடோடு இருந்திருக்கிறது. நாத்தனாரிடம், "நல்லா பின்னி விட்டிருக்கீங்களே அண்ணி" என்றாராம். "நானா? அவளே போட்டுக்கறா, ரெண்டு வாரமாச்சு." அட்டைப்பெட்டிக்காரரிடம் இதைச் சொல்லும்போது வாரியம்மா தாளைக்கூடப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

"உன் விஷயத்தையும் மனுவுல ஒரு வரி சேர்த்துடறேன் தங்கச்சி" என்றார் அட்டைப்பெட்டிக்காரர்.

"ஊர்த் தொழிலே நிக்குதுன்னு எழுதறீங்க. நடுவுல எங்க வீட்டுப் பின்னல் எதுக்குண்ணே?"

எந்த மனு எந்த மேசையில் கண் திறந்ததோ, மூன்று வாரம் முன்பு ஒரே ஒரு இடத்தை மட்டும் நிரப்பி உத்தரவு வந்தது. நாலும் ஒன்றும் ஐந்து. அடுத்த கூட்டச் செவ்வாயன்று சங்கத்துக்காரர்கள் வராந்தாவில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். நாலு பெரியவர்களும் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாமவர் காரில் வந்துகொண்டிருந்தார். பதினொன்றேகாலுக்குப் போன் செய்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றார். பதினொன்று இருபத்தைந்துக்கும் அதே பாலம்தான். நடுவில் ஒரு லாரி படுத்துவிட்டதாம்.

பதினொன்றரை. தலைவர் வாரியம்மாவைப் பார்த்தார். பார்த்த பார்வையில், நீ கொஞ்சம் கண்ணை மூடிக்கொள் என்பது இருந்தது. அவர் எழுந்து நின்றார்.

"மணி ஆயிடுச்சு சார்."

"வந்துடுவார்மா. அஞ்சு நிமிஷத்துல என்ன குடி முழுகுது?"

"இன்னிக்கு ஒருத்தருக்கு அனுமதி குடுத்து, நாளைக்கு அவர் போட்டிக்காரர் கோர்ட்டுக்குப் போனார்னா, இந்த அஞ்சு நிமிஷத்தைத்தான் சார் பிடிப்பாங்க. மொத்தமும் விழுந்துடும்."

வழக்கமான அந்த வாக்கியத்தை எழுதினார். நாலு பேரும் கையெழுத்திட்டார்கள். பதினொன்று முப்பத்துநாலுக்கு ஐந்தாமவர், சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

அட்டைப்பெட்டிக்காரர் நேரே இவர் மேசைக்கு வந்தார். குரல் உயரவில்லை. "நாலு நிமிஷம். என் மெஷினை விடு. உன் பேப்பரும் அதுலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சுண்ணே. அதனாலதான்."

"மனசா அது, கல்லா?" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். வாரியம்மா அடுத்த மாதக் கூட்ட அறிவிப்பைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். இந்த முறை ஐந்து பிரதிகள். மத்தியானம் போன் வந்தது. "அஞ்சு பேர்டா. அஞ்சாவது ஆளு மட்டும் நாலு நிமிஷம் லேட்டு" என்றார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மிச்ச அறிவிப்பைத் தட்டச்சு செய்தார்.

பத்து நாள் கழித்துத்தான் பியூன் மூலம் அட்டைப்பெட்டிக்காரருக்கு மற்றது தெரிந்தது. அன்று தீர்மானம் ஆகியிருந்தால் அப்போதே தலைவர் கையெழுத்திட, வாரியம்மாவைத் துறைமுகக் கிளைக்கு விடுவிக்கும் உத்தரவு தட்டச்சாகி மேசை இழுப்பறையில் இருந்திருக்கிறது. இரண்டு பெட்டிகளும் ஒரு சுருட்டிய மெத்தையும் காவலாளி அறையில் இருந்திருக்கின்றன. காலையிலேயே வாடகை வீட்டைக் கூட்டித் துடைத்து, சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். சாயங்காலம் அதே வீட்டுக்குத் திரும்பியபோது மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பியூனும் கூடவே போயிருக்கிறார். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்ததும், வாரியம்மா சாவிக்காக உள்ளங்கையை மட்டும் நீட்டினாராம்.