யாராவது உயிரோடு இருக்கிறார்களா?

என் வீட்டுக்காரருக்குப் பேசத் தெரியாது. கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுகொண்டேன். சொல்லித் திருத்திவிடலாம் என்று நினைத்ததுதான் என் தப்பு. யாராவது ஒரு பழைய கேசட்டைத் துணியில் சுற்றிப் பத்திரமாக எங்கள் டேப் ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுவருவார்கள். அதற்குள் இறந்துபோன அண்ணன் பேசிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் அப்பா பேசிக்கொண்டிருப்பார். இவர் அதை ஓடவிட்டு இரண்டு வார்த்தை கேட்பார். பிறகு நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “டேப்ல பேசறவங்கள்ல யாராவது உயிரோட இருக்காங்களா?” என்பார். வந்தவர் முகம் தொங்கிப்போகும். நான் கல்லாவை விட்டு ஓடிவந்து, “தப்பா எடுத்துக்காதீங்க, வேகம் சரிபண்ணத்தான் கேக்கறார்” என்று சமாளிக்க வேண்டும். தினமும் எனக்கு இதே பிழைப்பு.

விஷயம் என்னவென்றால், பேட்டரி தீரும் நேரத்தில் பதிந்த டேப்பை நல்ல மிஷினில் போட்டால் கடகடவென்று ஓடும். ஆம்பளை பொம்பளை மாதிரி பேசுவார், பொம்பளை குழந்தை மாதிரி பேசுவாள். எவ்வளவு குறைத்தால் சரியாகும் என்பதற்கு ஒரு பிடி வேண்டும். டேப்பில் இருக்கிற ஒருவர் நேரில் வந்து அதே வார்த்தையைச் சொன்னால், இரண்டையும் வைத்துப் பார்த்து இவர் பிடித்துவிடுவார். நியாயமான கேள்விதான். நியாயமாகக் கேட்கத்தான் இவருக்கு வராது.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. என் தம்பி கல்யாணத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், பாட்டுப் போடுகிறவரிடம் “மோட்டார் இழுக்குது, பாட்டு மெதுவா ஓடுது, உனக்குக் காது இருக்கா இல்லையா?” என்று சண்டை பிடித்தார். பிள்ளைகள் போனில் வருகிற பேச்சை வேகமாக ஓட்டிக் கேட்டால் போனையே பிடுங்கிவிடுவார். சொல்லி மாளாது.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கேசட்டை நீட்டிக்கொண்டு என்னவோ கிசுகிசுத்தாள்.

“சத்தமா சொல்லும்மா, மழைல ஒண்ணும் கேக்கல” என்றேன்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். கரகரவென்று, கட்டைக் குரல். “எங்கம்மா பேசினது. நான் தவழ்ற வயசுல போயிட்டாங்க. இது ஒண்ணுதான் இருக்கு. அடிக்கடி சிக்கிக்குது, போன்ல ஏத்திக் குடுங்க.”

“தொண்டை கட்டியிருக்கா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“இல்லக்கா, என் குரலே இதான். அம்மாவுக்குத் தேன் மாதிரி குரலாம். உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு இந்தத் தகரம்னு அப்பா சொல்லிட்டே இருப்பார்.” சொல்லிவிட்டுப் பழையபடி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இவர் டேப்பை ஓடவிட்டார். குழந்தையின் மழலையைப் பதியத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். அம்மா கெஞ்சுகிறாள்: “பேசுடி கண்ணு, வாயைத் திற, ஏதாவது பேசு.” குழந்தை கம்மென்று இருக்கிறது. நடுவில் அப்பா, “ஜன்னலைச் சாத்து, தண்ணி உள்ள வருது” என்கிறார். “புள்ள மடியில இருக்கா, தெரியல? நீங்களே சாத்துங்க” என்கிறாள் அம்மா. மெல்லிசான, இனிப்பான குரல். எனக்கே பிடித்திருந்தது. இவர் பேசாமல் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தாரா?

“வேகம் தப்பு” என்றார். “இதுல யாராவது உயிரோட இருக்காங்களா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் கோபப்படவில்லை. “அப்பா இருக்கார். ஆனா வரமாட்டார். டேப்பு நல்லாத்தான் இருக்குன்னுவார்.”

“அப்ப நீ இவ்ளோ நாள் கேட்டது உங்கம்மா குரலே இல்ல.”

போட்டு உடைத்துவிட்டார். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப எங்கம்மா குரல் எனக்குத் தெரியவே தெரியாதா?” என்றாள். இவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார். அவளைத் தேற்றி உட்காரவைத்து, நானே அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“வருஷக்கணக்கா தினம் கேக்கறேன். என் பொண்டாட்டி குரல் எனக்குத் தெரியாதா? உங்க மிஷின்லதான் கோளாறு!” என்று கத்தினார்.

“கோளாறுன்னு நேர்ல வந்து சொல்லிட்டுப் போங்க. உங்க பொண்ணு இங்க அழுதுட்டிருக்கா.”

நனைந்த சட்டையோடு வந்து சேர்ந்தார். டேப்பில் சொன்னதையே சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினதும், “ஜன்னலைச் சாத்து” என்று முணுமுணுத்தார்.

“இப்படியில்ல. அன்னிக்கு மாதிரி அதட்டிச் சொல்லுங்க” என்றார் இவர்.

“யாரை அதட்டச் சொல்றீங்க? சாத்தறதுக்கு எனக்கு யாரு இருக்கா?”

“என்னை அதட்டுங்க, எனக்குப் பழக்கம்தான்” என்றேன். மனுஷர் என்னைப் பார்த்து நிஜமாகவே அதட்டினார். அந்த ஒன்று சரியாக விழுந்தது.

இவர் ஒரு காதில் டேப்பையும் மறு காதில் புதிதாகப் பதிந்ததையும் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தார். வயசான குரலுக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டார். அந்த அப்பா, “ஆச்சா, ஆச்சா?” என்று என் உயிரை வாங்கினார். ஒருவழியாக ஸ்பீக்கரில் போட்டார். “ஜன்னலைச் சாத்து, தண்ணி உள்ள வருது.” அச்சு அசல் அவரே, இளவயசுக்காரராக.

அடுத்தது அவருடைய மனைவி. “புள்ள மடியில இருக்கா, தெரியல? நீங்களே சாத்துங்க.”

கரகரவென்று, கட்டைக் குரல்.

நான் சட்டென்று அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள்தான் பேசினாள் என்று நினைத்துவிட்டேன்.

அந்த அப்பா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். இது அவள் இல்லை என்று குதிக்கப்போகிறார், நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான் என்று தயாராக நின்றேன். அவர் குதிக்கவில்லை.

“அவதான். இப்படித்தான் என்கிட்ட மல்லுக்கு நிப்பா” என்றார். “இந்தப் பாழாப்போன டேப்பக் கேட்டுக் கேட்டு அவளையே மறந்துட்டேன்.”

“அம்மாவோடதுப்பா!” அவள் கத்தினாள். வந்ததிலிருந்து அப்போதுதான் முழுக் குரலில் பேசினாள். “தகரம் தகரம்னு இத்தனை வருஷமா சொன்னீங்களே, இது அம்மாவோடது! வெளியில வாயத் திறக்கவே வெக்கப்பட்டு வளர்ந்தேன். அம்மாவோடதுன்னு ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா...” என்று அழுதாள். அந்த அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பெற்ற பெண்ணைப் போய்க் கும்பிடுகிறார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

டேப்பை நிறுத்துங்கள் என்று இவருக்குச் சைகை காட்டினேன். இவருக்கு எது புரிந்திருக்கிறது? காதை ஸ்பீக்கரில் வைத்தபடி ஓடவிட்டுக்கொண்டே இருந்தார்.

“பேசுடி கண்ணு” என்றது அதே கரகரப்பு. “வாயைத் திற, ஏதாவது பேசு.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கருக்குக் கிட்டே வந்தாள்.

“பேசறேம்மா” என்றாள், தெருவரைக்கும் கேட்கும்படி.