திரையில் வெளுத்த அக்கா

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, பொன்னமராவதியில் ஒரு மண்டபத்தில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. அவளுடைய புகைப்படங்களைத் திரையில் காட்ட வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார். அம்மாவின் தம்பி அவர். விராலிமலைப் பக்கம் தான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து ஒரு புரொஜெக்டரை இரவல் கேட்டுக் கொண்டுவந்திருந்தார்.

முதல் நாள் பகலில் வீட்டு ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சுவரில் படத்தை விழவைத்துப் பார்த்தார். அக்கா பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம். அவளும் நானும் ஒரே நிறம், நல்ல கறுப்பு.

“இன்னுங் கொஞ்சம் வெளிச்சம் ஏத்து தம்பி” என்றாள் அம்மா.

மாமா ரிமோட்டில் மெனுவைத் திறந்து பிரைட்னஸை ஏற்றினார், கலரைக் குறைத்தார். அம்மா “இன்னும்” என்றாள். அரக்குப் புடவை ரோஜா நிறமானது. பின்னாலிருந்த வேப்பமரம் சாம்பலாயிற்று. அக்காவின் முகம் வெளுத்து, மூக்குத்தி இருந்த இடமே தெரியவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் நிம்மதி.

“இது அக்கா இல்ல” என்றேன்.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது. அங்கிட்டுப் போ.”

நான் போகவில்லை. மெனுவின் கடைசியில் ரீசெட் என்று ஒரு வரி இருந்தது. அது எதற்கு என்று மாமாவைக் கேட்டேன். “எல்லாம் பழையபடி ஆயிரும். தொட்டுறாத” என்றார். அதற்குமேல் எனக்கு எதுவும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மண்டபத்தில் வெளுத்த அக்கா திரையில் வந்ததும், மாப்பிள்ளையின் அத்தை, “போட்டோவுல லட்சணமாத்தான் இருக்கு” என்றார். அந்தப் ‘போட்டோவுல’ எனக்குச் சுருக்கென்றது. மாமா மைக்செட்காரரிடம் பேசப் போயிருந்தார். ரிமோட் நாற்காலியில் கிடந்தது. எடுத்தேன். மெனு, கடைசி வரி, ஓகே.

திரை ஒரு கணம் இருண்டது. பிறகு புடவை அரக்காகவும் மரம் பச்சையாகவும் திரும்பின. அக்காவும் திரும்பி வந்தாள்.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். “குடுடி அதை.”

“தர மாட்டேன். அக்கா கறுப்புத்தான். நானும் கறுப்புத்தான்.”

மாமா கையை நீட்டினார். நான் பட்டுப்பாவாடையோடு தரையில் உட்கார்ந்து ரிமோட்டை அடியில் வைத்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் என்னைத் தூக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அவர் நின்றார். படங்கள் அத்தனையும் அவற்றின் சொந்த நிறத்திலேயே ஓடி முடிந்தன.

“பொண்ண நேர்ல பாத்துட்டுத்தானே வந்திருக்கோம். தட்ட மாத்துங்க, நல்ல நேரம் போகுது” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நிச்சயம் நடந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அடி வாங்கினேன். அழவில்லை.

அக்கா என்னைக் கட்டிக்கொள்வாள் என்றுதான் காத்திருந்தேன். இரண்டு நாள் அவள் பேசவே இல்லை. மூன்றாம் நாள், “ஒரு நாள் அப்படித் தெரிஞ்சா ஒனக்கு என்னடி?” என்றாள். அவளுக்காகச் சண்டை போட்ட என்மேல் அவளுக்கென்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்றைக்கும் அதே பொத்தானைத்தான் அழுத்துவேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நிச்சயதார்த்த வீடியோவைப் பல வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். திரையில் நிறம் மாறியதும் மண்டபமே தலையைத் திருப்பி மேடையில் இருந்த அக்காவைப் பார்க்கிறது. அவள் முந்தானையை இழுத்து, இரண்டு கைகளையும் மூடிக்கொள்கிறாள். நான் அப்போது திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.