சுருக்கொப்பம் இல்லாத திருத்தம்

சத்தியக் கடதாசி ஒன்றில் ஒரு சொல் மையினால் திருத்தப்பட்டு, பக்கத்தில் பெயரின் முதலெழுத்துகளால் இடும் சுருக்கொப்பம் இல்லாமல் இருந்தால், கொடுத்தவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் நியாயமானதென்றால் புதிய கடதாசி கொண்டுவர அவருக்குத் தவணை, அதாவது இன்னொரு நாள், கொடுக்க வேண்டும். நடைமுறை அவ்வளவுதான். கண்டியில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் முப்பத்தெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதைச் சொல்லி எத்தனையோ பேருக்குத் தவணை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எங்களுக்கு அது தேவைப்பட்டபோது எனக்கு வயது பத்து.

சுதந்திரம் வந்து சில வருடங்களில், முன்னோர் கடல் கடந்து வந்தவர்கள் என்பதால், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் தாங்கள் இந்த நாட்டவர்தான் என்று மனுப் போட்டு நிரூபிக்க வேண்டியதாயிற்று. அப்பா ஹுன்னஸ்கிரியவில் பிறந்தவர். அங்கேயே தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். அவர் போன மிக நீண்ட பயணம் கண்டிப் பெரஹரா பார்க்கப் போனது. இருந்தும், தான் இங்கேதான் நிரந்தரமாக வசிப்பதாகச் சத்தியம் செய்து ஒரு கடதாசி தரும்படி அவருக்கு உத்தரவு வந்தது. உத்தரவு தோட்டத்து விலாசத்துக்குத்தான் வந்தது. அங்கே வசிக்காதவர் கைக்கு அது எப்படிக் கிடைத்திருக்கும் என்று அனுப்பியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. மனு தள்ளுபடியானால் நாங்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்ல. என்றைக்கு வேண்டுமானாலும் கப்பலேறச் சொல்லலாம்.

அப்பாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. அதனால்தானோ என்னவோ, லயத்து வரிசை வீடுகளில் இருந்த மற்றப் பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு நடந்த வயதில் என்னைத் தெல்தெனியவுக்கு பஸ்ஸில் அனுப்பிப் படிக்க வைத்தார். அங்கே ஆங்கிலம் சொல்லித் தந்தவர் யாழ்ப்பாணத்து ஆசிரியை. ஒன்றுபோல் தோன்றி வேறு வேறு பொருள் தரும் சொற்களை எழுத எங்களுக்குத் தனிக் கொப்பி போட்டிருந்தார். அக்செப்ட் என்றால் ஏற்பது, எக்செப்ட் என்றால் தவிர்ப்பது. ஸ்டேஷனரி இரண்டு உண்டு. ஒன்று அசையாமல் நிற்பது, மற்றது தாளும் பேனாவும். எமிக்ரன்ட் என்பவர் நாட்டை விட்டுப் போகிறவர், இமிக்ரன்ட் என்பவர் வந்து சேர்கிறவர். நாங்கள் இதில் எது என்று கேட்டேன்.

“அது சோதினைக்கு வராது பிள்ளை,” என்றார் ஆசிரியை. “நீர் எழுதும்.”

அவர் அடிக்கடி சொன்ன இன்னொன்றும் உண்டு. “பிழையைக் கண்டால் பேசாமல் இருக்கக் கூடாது. ஒரு கோடு வெட்டி, மேலே வடிவாகச் சரியான சொல்லை எழுத வேணும்.”

அப்பாவின் கடதாசியைத் தட்டச்சு செய்தவர் அலவத்துகொடக்காரர். கண்டியில் நீதிமன்றத்துக்கு அருகே ஒரு மரத்தடியில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல், எல்லோருக்கும் அவர் நானா. வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமென்று அப்பா என்னையும் அழைத்துப் போயிருந்தார்.

“எப்ப இங்க வந்தது தம்பி?”

“வரல நானா. பொறந்ததே இங்கதான்.”

“அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. நானும் அதையேதான் அடிக்கிறேன்.”

சத்தியத்தை உறுதிசெய்யும் சமாதான நீதவான் முன்னால் அப்பா பெருவிரல் பதித்தார். மறுவாரம் விசாரணைக்குக் கொண்டுபோகும்வரை கடதாசியைப் பத்திரமாக வைத்திருக்கும்படி என்னிடம் தந்தார். வீட்டில் படித்தவள் நான்தானே.

மறுநாள் மத்தியானம் டிரங்குப் பெட்டியின் மேல் வைத்து அதை வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே நானா பிழை விட்டிருந்தார். ரெசிடென்ட் என்றால் வசிப்பவர். ரெசிடென்ஸ் என்றால் வசிக்கும் இடம். இரண்டும் என் கொப்பியில் நாலாம் பக்கத்தில் இருந்தன. நானா அடித்திருந்தபடி பார்த்தால் அப்பா ஹுன்னஸ்கிரியவில் ஒரு நிரந்தர வீடு. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, இவ்வளவு முக்கியமான கடதாசியில் இப்படியா என்று கோபம் வந்தது. ஒரு கோடு வெட்டினேன். மேலே வடிவாக, நீல மையில், சரியான சொல்லை எழுதினேன். மை காய ஊதிவிட்டு மடித்து வைத்தேன். அப்பாவுக்குப் பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்று மத்தியானம் முழுக்க சந்தோஷமாக இருந்தேன்.

விசாரணை நடந்த கந்தோரின் பெயர் வேண்டாம். அங்கேயும் அப்பா என்னை அழைத்துப் போயிருந்தார். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

“இந்தச் சொல்ல வெட்டி மேல எழுதினது யாரு?”

அப்பா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எழுத்து தெரியாதவருக்கு என் எழுத்து தெரிந்தது.

“ஒப்பமான கடதாசியில கை வைக்கிறது குற்றம். மறியலுக்குப் போக வேண்டி வரும். யாரு?”

“நான்தாங்க ஐயா.”

அதிகாரி கடதாசியின் அடியில் இருந்த பெருவிரல் அடையாளத்தைப் பார்த்தார். பிறகு வெற்றுத்தாள் ஒன்றை அப்பா பக்கம் தள்ளி, தன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அந்தச் சொல்லை எழுதிக் காட்டட்டும் என்றார்.

அப்பா பேனாவைக் கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். மூன்று கோடுகள் வந்தன. மூன்றாவது தாளைக் கிழித்தது.

மனுதாரர் பொய் சொல்கிறார் என்று அதிகாரி எழுத்தரிடம் சொன்னது எனக்கு விளங்கியது. லை என்ற அந்தச் சொல்லும் என் கொப்பியில் இருந்தது. படுப்பதற்கும் அதுதான், பொய்க்கும் அதுதான். நான் வாய் திறக்கவில்லை. மறியல் என்றால் சிறை என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. கொப்பியைப் பிடுங்கிக்கொண்டு பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்றுதான் பயந்தேன். நான்தான் எழுதினேன் என்று அப்போது சொல்லியிருந்தால் புதிய கடதாசிக்கு ஒரு தவணை கிடைத்திருக்கும். ஐந்து நிமிட வேலை.

பஸ்ஸில் வரும்போது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நீ எழுதுனது சரிதானே பாப்பா?”

“சரிதாம்ப்பா.”

“அப்ப சரி.”

பொய் சொன்ன காரணத்தால் மனு தள்ளுபடியானது. மேன்முறையீடு எழுத மறுபடியும் நானாவிடம் போனோம். அவர் கடதாசியின் பிரதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏன் மகள் கை வெச்சீங்க? எல்லாருக்கும் இப்பிடித்தான் அடிக்கிறேன். ஒருத்தருக்கும் திரும்பி வரல்ல.”

“விடுங்க நானா, சின்னப்புள்ள,” என்றார் அப்பா. “மறுபடி விசாரணைக்குக் கூப்பிடுவாங்கள்ல?”

“கூப்பிட்டாத்தான் உண்டு.”

“கூப்பிட்டா எழுதிக் காட்டிருவேன்.”

அதன் பிறகு அப்பா மாலையில் வேலை விட்டு வந்து கால் கழுவியதும் என் கொப்பியைக் கேட்பார். ரெசிடென்ட் என்ற அந்த ஒரு சொல்லை நான் எழுதிக் காட்ட வேண்டும். அவர் கீழே எழுதுவார். வயது போன காலத்தில் இங்கிலீஷ் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

“முதல்ல ஏ பி சி டி எழுதுங்கப்பா.”

“அதெல்லாம் வேணாம். இது ஒண்ணு போதும்.”

புதிய சொற்களுக்காக வைத்திருந்த பக்கங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. கொப்பியைத் தர மாட்டேன் என்று ஒருநாள் அழுதேன். “குடுத்துரு புள்ள, அப்பா கேக்குறாருல்ல,” என்று அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்று நினைத்தேன். கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல், ஆசிரியையைப் போல் சிவப்புப் பென்சிலால் அவருடைய பிழைகளைத் திருத்தினேன். முதல் எழுத்தின் வால் நீளம், நடுவில் ஓர் எழுத்து விடுபட்டுவிட்டது என்றெல்லாம். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி எழுதினார். கோடைமழை முடிவதற்குள் அந்தச் சொல் அவர் கைக்கு வந்துவிட்டது. முதல் எழுத்தின் கால் கொஞ்சம் வளைந்து, கடைசி எழுத்து தலை சாய்ந்து, அச்சொட்டாக என் எழுத்து.

அப்பா இங்கிலீஷ் கற்றுக்கொள்ளவில்லை. எனக்காகச் சொன்ன பொய்யை உண்மையாக்கிக்கொண்டிருந்தார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு சொல்லைக்கூட முழுசாகப் படிக்கத் தெரியாதவர், அதற்கு என்ன பொருள் என்று ஒருநாளும் கேட்கவில்லையே என்றுதான் யோசித்தேன்.

மூன்று வருடம் அவர் கைமறக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு பதில் வந்தது. இரண்டு வரி. மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது, மனுதாரரை மீண்டும் விசாரணைக்கு அழைக்கத் தேவையில்லை. இரண்டாவது வரியில் தட்டச்சில் பிழையாக விழுந்த ஒரு சொல்லை வெட்டி, மேலே மையினால் சரியாக எழுதியிருந்தார்கள். பக்கத்தில் விதிப்படி சுருக்கொப்பம் இருந்தது. அன்று தைப்பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை.